நோட்டில் ஒன்றும் இல்லை, அப்படியென்றால் இரண்டாம் வகுப்பில் என்னதான் நடக்கிறது?

நீங்கள் கேட்டதன் சாரம் இதுதான். உங்கள் மகள் அரசு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நோட்டில் அதிகம் எழுதியிருப்பதில்லை, வீட்டுப்பாடமும் வருவதில்லை. "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் "பாட்டுப் பாடினோம், அட்டை வச்சு விளையாடினோம்" என்கிறாள். அதே வயதுள்ள உங்கள் நாத்தனார் மகன் தனியார் பள்ளியில் பக்கம் பக்கமாக எழுதுகிறான், வாய்ப்பாடு கடகடவென்று ஒப்பிக்கிறான். வகுப்பில் உண்மையில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள், பள்ளியை மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வகுப்பில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பது ஒன்று. அது உங்கள் மகளுக்குப் போய்ச் சேர்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்குக் குழந்தையைப் பார்க்காமல் முழுப் பதில் சொல்ல முடியாது, ஆனால் நீங்களே வீட்டில் கண்டுபிடிக்க வழி சொல்ல முடியும். ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு நெடுங்காலம் ஆசிரியையாக இருந்தவள், வட்டார வள மையத்தில் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் பின்னணி. பாட்டும் அட்டையும் நேற்று முளைத்தவை அல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல், அதாவது குழந்தை தானே செய்து பார்த்துக் கற்கும் முறை, தொடங்கியது. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியில் உருவான அட்டை முறையைப் பார்த்து இங்கே அமைத்தார்கள். 2007-08 வாக்கில் அது தமிழ்நாடு முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. குழந்தைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்ததும், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை வந்ததும் அப்போதுதான். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்து, குழந்தைகள் எழுத்தே தெரியாமல் மேல் வகுப்புக்கு வந்தபோது, 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது அதன் இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இருந்தது, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது.

இதில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிப்பார்கள். தோராயமாக அரும்பு ஒன்றாம் வகுப்புத் திறன், மொட்டு இரண்டாம் வகுப்புத் திறன், மலர் மூன்றாம் வகுப்புத் திறன். குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட, அதற்கு இப்போது என்ன தெரியும் என்பதைப் பார்த்துத்தான் பயிற்சி. அதனால் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் வேறு வேறு பக்கத்தைச் செய்துகொண்டிருப்பார்கள். எழுதும் வேலையில் பெரும்பகுதி பயிற்சி நூலில் நடக்கும். பல பள்ளிகளில் அந்த நூல் வகுப்பிலேயே இருந்துவிடும், வீட்டுக்கு வராது. உங்கள் மகளின் நோட்டு காலியாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பள்ளிக்குப் போய் "பயிற்சி நூலைப் பார்க்கலாமா டீச்சர்?" என்று கேளுங்கள், காட்டுவார்கள்.

வீட்டுப்பாடம் இல்லாதது பள்ளியின் அலட்சியம் அல்ல. ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. 2020-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கையும் அதையே சொல்கிறது. உங்கள் நாத்தனார் மகன் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வருகிறான் என்றால், கேள்வி அவன் பள்ளியைப் பார்த்துத்தான் கேட்கப்பட வேண்டும்.

சரி, வாசிப்புக்கு வருவோம். இரண்டாம் வகுப்பின் பெரிய வேலை இதுதான். தமிழில் 247 எழுத்துகள் என்று நாம் சொல்வோம். குழந்தை 247 வடிவங்களை மனப்பாடம் செய்வதில்லை. உயிர், மெய், அப்புறம் கால், கொக்கி, கொம்பு போன்ற குறிகள், இவற்றை எப்படிச் சேர்ப்பது என்பதைத்தான் கற்கிறது. பல வகுப்புகளில் அ, ஆ வரிசையில் தொடங்காமல் ட, ப, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்குவார்கள். மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் தெரிந்தவுடனேயே படம், மடம், பட்டம் என்று குழந்தை சொற்களை வாசிக்கலாம். அதனால்தான் சில குழந்தைகளுக்கு அகர வரிசை சொல்லத் தெரியாது, ஆனால் வாசிக்கத் தெரியும். வீட்டில் பாட்டி "அ, ஆ சொல்லு" என்று கேட்டு, அது திணறினால், ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இந்த வயதில் குழந்தை எங்கே சறுக்கும் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம். 'மேகம்' என்ற சொல்லைப் பாருங்கள். கண்ணில் முதலில் படுவது கொம்பு. ஆனால் வாயில் முதலில் வர வேண்டியது ம். கண் போகும் வரிசையும் ஒலி வரும் வரிசையும் மாறிப்போகின்றன. 'கோழி'யில் இன்னும் சிக்கல், குறி இரண்டாக உடைந்து எழுத்துக்கு முன்னும் பின்னும் நிற்கிறது. பெரும்பாலான குழந்தைகள் அங்கே நின்று, விரலை வைத்து, உதட்டை அசைத்துவிட்டுத்தான் மேலே போவார்கள். அப்புறம் உகர, ஊகார வரிசை. கு, டு, து, பு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும், அதற்கு ஒரே விதி கிடையாது. ஆகார வரிசை வேகமாக வந்துவிட்ட குழந்தை இங்கே வாரக்கணக்கில் நிற்கும். நிற்பது இயல்பு. அந்த நேரத்தில் வீட்டில் அவசரப்படுத்தினால், குழந்தை எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கும். அது ஒட்டிக்கொண்டால் கழற்றுவது கஷ்டம்.

இன்னொன்று பெற்றோர் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகத்தில் 'நாய் ஓடியது' என்று இருக்கும். குழந்தை விரலை வைத்துக்கொண்டு 'நாய் ஓடிச்சு' என்று வாசிக்கும். உடனே "தப்பு, சரியா பார்த்துப் படி" என்று அதட்டுவோம். குழந்தை அங்கே எழுத்தை வாசித்து, பொருளைப் புரிந்து, வீட்டில் பேசுகிற மொழியில் சொல்லியிருக்கிறது. 'ஓடியது' என்று பிழையில்லாமல் சொல்லிவிட்டு யார் ஓடியது என்று தெரியாமல் விழிக்கும் குழந்தையைவிட இது பல படி மேலே இருக்கிறது. வகுப்பில் நாங்கள் செய்வது, "ஆமா, நாய் ஓடிச்சு. புத்தகத்துல எப்படிப் போட்டிருக்கு பாரு" என்று இன்னொரு முறை வாசிக்க வைப்பதுதான். பேச்சிலிருந்து எழுத்துத் தமிழுக்கு வரும் பாதை ஐந்தாம் வகுப்பு வரை நீளும். பாட்டும் கதையும் வகுப்பில் அவ்வளவு இருப்பதற்கு முக்கியமான காரணம் இது. குழந்தை வாசிக்கப்போகும் மொழியை முதலில் காதால் கேட்டுப் பழகுகிறது. பாட்டில் நூறு தடவை கேட்ட சொல்லை அச்சில் முதல் தடவை பார்த்தாலும் பிடித்துக்கொள்கிறது.

எழுதுவதிலும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது ஒன்று, சொல்வதைக் கேட்டு எழுதுவது ஒன்று, தானாக எழுதுவது ஒன்று. முதலாவதற்கு வாசிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அழகான கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டு, அதில் ஒரு வரியைக்கூட வாசிக்கத் தெரியாத குழந்தைகளை எல்லா வகைப் பள்ளிகளிலும் பார்த்திருக்கிறேன். மறுபக்கம், 'எங் அம்மா தோச சுட்டாங்க' என்று கோணல்மாணலாக ஒரு குழந்தை எழுதிக்கொண்டு வரும். பிழைதான். ஆனால் அந்தக் குழந்தை தன் காதில் விழுந்ததை எழுத்து எழுத்தாக உடைத்து, தாளில் வைத்திருக்கிறது. ஒற்றெழுத்து, எழுத்துத் தமிழ் எல்லாம் அப்புறம் வரும். அந்த ஒரு வரி, பார்த்து எழுதிய பத்துப் பக்கத்தைவிட எனக்குப் பெரியது. வெறும் பாராட்டுக்காக இதைச் சொல்லவில்லை, வாசிப்பு எங்கே நிற்கிறது என்று அந்த வரி எனக்குக் காட்டிவிடுகிறது.

கணக்கில் இரண்டாம் வகுப்பின் உயிர்நாடி இடமதிப்பு. 52-இல் இருக்கும் 5 ஐந்து அல்ல, ஐம்பது என்று புரிவது. பெரியவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் இந்த வயதில் ஏராளமான குழந்தைகள் 35 என்று எழுதும். ஏன் என்று கேட்டால், "ஏழுல ரெண்டு போனா அஞ்சு. பெருசுல இருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்று தெளிவாகப் பதில் வரும். அதன் தர்க்கத்தில் குறையில்லை, இடமதிப்புதான் இல்லை. இதைத் திரும்பத் திரும்பக் கடன் வாங்கிப் போடச் சொல்லிச் சரிசெய்ய முடியாது. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வைப்போம். ஐந்து கட்டு, இரண்டு தனிக் குச்சி. "இதுல இருந்து எனக்கு 27 குடு" என்று கேட்போம். குழந்தை இரண்டு கட்டை எடுத்து வைக்கும். ஏழு தனிக் குச்சி தேடும், இரண்டுதான் இருக்கும். கொஞ்ச நேரம் முழிக்கும். அப்புறம் ஒரு கட்டை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றும். கடன் வாங்குவது என்றால் என்ன என்று அந்த இடத்தில்தான் குழந்தைக்குப் புரிகிறது, அதன் பிறகு தாளில் போடும் கணக்கு தானாக வரும். உங்கள் மகள் "குச்சி வச்சு விளையாடினோம்" என்று சொன்னால், அன்று நடந்தது இதுவாக இருக்கலாம்.

வாய்ப்பாடு தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். பின்னால் அது மனப்பாடமாக இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் நான்காம் வகுப்பில் வகுத்தல் வரும்போது குழந்தை தவிக்கும். ஆனால் ஏழு வயதில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கொண்டு கணக்கு வருகிறது என்று சொல்ல முடியாது. நாத்தனார் மகனிடமும் உங்கள் மகளிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "ஒரு தட்டுக்கு ரெண்டு இட்லி. ஆறு பேர் சாப்பிட வந்திருக்காங்க. எத்தனை இட்லி வேணும்?" யார் சொன்னாலும், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றும் கேளுங்கள். விரலில் எண்ணினாலும் பரவாயில்லை. பெருக்கல் என்பது சமமான கூட்டங்களைச் சேர்ப்பது என்று தெரிந்தால் போதும்.

ஆங்கிலமும் சூழ்நிலையியலும் இந்த வகுப்பில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் பெரும்பாலும் கேட்பது, பேசுவது, ஒலியை எழுத்தோடு பொருத்துவது. சூழ்நிலையியலில் உடம்பு, உணவு, செடி, ஊர் என்று போகும். வாசிப்பும் எண்ணும் வந்துவிட்டால் இவை பின்னாலேயே வரும் என்பதால், இவற்றைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம்.

எதில் உறுதி, எதில் சந்தேகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாகக் கற்பித்தால்தான் பெரும்பாலான குழந்தைகளுக்கு வாசிப்பு வரும் என்பது உறுதி. வெறுமனே புத்தகச் சூழலில் விட்டுவிட்டால் தானாக வராது. வயதைப் பார்க்காமல் திறனைப் பார்த்துக் குழு பிரித்துக் கற்பித்தால் பின்தங்கிய குழந்தைகள் மேலே வருகிறார்கள் என்பதற்கும் வலுவான சான்று உண்டு. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் இந்திய கிராமங்களில் செய்த வேலையை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ போன்ற பொருளாதார அறிஞர்கள் ஆய்வு செய்து இதைக் காட்டியிருக்கிறார்கள். சந்தேகம் எங்கே என்றால், அதே பலன் ஈராசிரியர் பள்ளியில் கிடைக்குமா என்பதில். கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். அதாவது ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் ஒன்று முதல் மூன்று வரை வைத்துக்கொண்டு, அதற்குள் மூன்று நிலைக் குழுக்களையும் நடத்த வேண்டும். அவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அப்படிப்பட்ட இடத்தில் அரும்பில் இருக்கும் குழந்தை அரும்பிலேயே தங்கிவிடும் ஆபத்து உண்மையாகவே இருக்கிறது. நல்ல முறை இருப்பது வேறு, அது தினமும் நடப்பது வேறு. உங்கள் மகள் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என் பதிலில் பாதி அதைப் பொறுத்தது.

பொதுவான நிலையும் மகிழ்ச்சி தருவதாக இல்லை. கிராமப்புற வீடுகளுக்கே போய் எடுக்கப்படும் அசர் ஆய்வின் 2024 அறிக்கைப்படி, இந்தியா முழுவதும் அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 23.4 சதவீதம் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. 2022-இல் இது 16.3 சதவீதம். ஏறுகிறது, ஆனாலும் நான்கில் ஒருவர்கூட இல்லை. அதனால் உங்கள் கவலையை நான் தள்ளிவிடவில்லை. நோட்டு காலியாக இருப்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், வாசிக்கிறாளா என்று பார்த்துக் கவலைப்படுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எப்படிப் பார்ப்பது? அவள் இதுவரை பார்க்காத ஒன்றைக் கொடுங்கள். பாடப் புத்தகம் வேண்டாம், அது மனப்பாடமாகியிருக்கும். வேறு வழியில்லாமல் பாடப் புத்தகம்தான் என்றால், படத்தைக் கையால் மூடிக்கொண்டு, கடைசி வரியிலிருந்து மேலே வாசிக்கச் சொல்லுங்கள். பேருந்தின் பெயர்ப்பலகை, மளிகைப் பாக்கெட், கல்யாணப் பத்திரிகை எல்லாம் நல்ல வாசிப்புப் பொருள்கள். பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டிருக்கிறது, பள்ளியில் இருந்தால் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நாலு வரி வாசித்ததும் "யாரு என்ன பண்ணாங்க?" என்று கேளுங்கள். மெதுவாக வாசித்தாலும் கதையைச் சொல்லிவிட்டால் சரியான பாதையில் இருக்கிறாள். நிபுண் பாரத் என்ற தேசியத் திட்டம் இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், எண்களில் 999 வரை என்று இலக்கு வைத்திருக்கிறது. ஆண்டு முடிவுக்கான இலக்கு அது, இப்போதே கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். எண்ணுக்கு, நூற்று ஏழு, எழுபத்தொன்று, தொண்ணூறு என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். 1007 என்று எழுதினால் இடமதிப்பு இன்னும் வரவில்லை. தொண்ணூறுக்கு 900 என்று எழுதினால் பயப்பட வேண்டாம், எண்ணூறு 800 என்று கற்ற குழந்தை அப்படி நினைப்பதில் நியாயம் இருக்கிறது, குச்சிக் கட்டில் காட்டினால் மாறிவிடும்.

எப்போது உண்மையாகவே கவலைப்பட வேண்டும் என்றால், இரண்டாம் வகுப்பு முடியும்போதும் மரம், பாடம் மாதிரியான சொற்களை எழுத்துக் கூட்டி வாசிக்க முடியவில்லை என்றால். நேற்றுப் படித்த எழுத்து இன்று சுத்தமாக மறந்துபோகிறது, வாய்வழியாகக் கெட்டிக்காரியாக இருக்கிறாள், எழுத்தைப் பார்த்தால் மட்டும் ஒதுங்குகிறாள் என்றால் கற்றல் குறைபாடு இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், அதைத் தீர்மானிப்பது ஆசிரியர் வேலை அல்ல, இங்கே எழுதும் என்னால் சொல்லவே முடியாது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியர் மூலம் அவர்களை அணுகலாம். அதற்கு முன்னால் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் குழந்தையையும், ஒரு காது மந்தமாக இருக்கும் குழந்தையையும் படிப்பு வராத குழந்தை என்று பல மாதம் நினைத்துக்கொண்டிருப்பது தொடக்கப் பள்ளிகளில் அடிக்கடி நடக்கிறது.

பள்ளியை மாற்றலாமா என்ற கேள்விக்கு: நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் மாற்றக் காரணம் இல்லை. வாரத்தில் பல நாள் ஆசிரியர் வகுப்பில் இல்லை என்றாலோ, ஆறு மாதமாக அவள் ஒரே நிலையில் நின்று, அதைப் பற்றிக் கேட்டும் யாரும் பதில் சொல்லவில்லை என்றாலோ, அப்போது மாற்றுவதை யோசிக்கலாம். அதற்கு முன்பு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், அந்தக் குழு பெற்றோர் கேட்பதற்காகவே இருக்கிறது. டியூஷன் இந்த வயதில் வேண்டாம். பெரும்பாலும் அங்கேயும் பார்த்து எழுதத்தான் வைப்பார்கள். ராத்திரி சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் அவள் வாசிக்க, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

இந்த வாரம் பள்ளிக்குப் போனால் வகுப்பாசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள், சகோதரி. என் மகள் இப்போது அரும்பா, மொட்டா, மலரா? ஜூன் மாதத்தில் எந்த நிலையில் இருந்தாள்? அடுத்த நிலைக்குப் போக அவளுக்கு இப்போது எது தடையாக இருக்கிறது? வகுப்பைக் கவனிக்கிற ஆசிரியர் மூன்றாவது கேள்விக்கு "கொம்பு வர்ற எழுத்துல நிக்கிறா" என்பது மாதிரி குறிப்பாகப் பதில் சொல்வார். "நல்லாதான் படிக்கிறா" என்று பொதுவாகச் சொன்னால், பயிற்சி நூலை வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடி கேளுங்கள். கிடைத்த பதிலையும், வீட்டில் வாசிக்க வைத்தபோது அவள் எங்கே நின்றாள் என்பதையும் இங்கே எழுதினால், அடுத்து என்ன செய்யலாம் என்று இன்னும் திட்டமாகச் சொல்கிறேன்.